கரீட்டு!

சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் கையில் ஒரு டீயோடு பத்து நிமிடம் நின்று பாருங்கள். காதை மட்டும் திறந்து வைத்தால் போதும். மடிப்பாக்கம் போகிறவர்கள், மேடவாக்கம் போகிறவர்கள், ரேடியல் ரோடு வழியாக ஐ.டி. கம்பெனிகளிலிருந்து திரும்புகிறவர்கள், பல்லாவரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்க ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொள்கிற காலேஜ் பையன்கள்...

“செம மொக்கைடா மச்சி!”

“ஒரே பேஜாரா கீதுப்பா.”

“அவன் ஒரு டுபாக்கூர், நம்பாதே!”

“கரீட்டா சொன்னே வாத்தியாரே!”

இந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தன என்று அவர்களில் யாரையாவது நிறுத்திக் கேளுங்கள். ‘தெரியாது’ என்ற பதில் மட்டும் வராது. ஆளுக்கு ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள். அந்த நிமிடத்தில் தோன்றியதாகக்கூட இருக்கும். ஆனால், சொல்கிற தோரணையைப் பார்த்தால் தொல்காப்பியரே பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

ஊர்ப் பெயரையே விட்டுவைப்பதில்லை. ‘கட்டளை’ என்றால் உத்தரவு. கோயிலில் ஒரு பூஜைக்கோ அன்னதானத்துக்கோ சொத்து எழுதிவைத்து நடத்தச் சொல்வதற்கும் ‘கட்டளை’ என்றுதான் பெயர். தமிழ் தெரிந்தவர்கள் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். பையன்களிடம் மூன்றாவது ஒன்று இருக்கும்: “வீட்டம்மா போட்டா மேல்கட்டளை சார், மேனேஜர் போட்டா கீழ்க்கட்டளை!”

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அதில் கொஞ்சம் அநியாயமும் இருக்கிறது.

முதலில் இந்த ‘அர்த்தம் கட்டுகிற’ வியாதியைப் பார்த்துவிடுவோம். இது கீழ்க்கட்டளைப் பையன்களுக்கு மட்டும் வந்ததல்ல. உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ‘நியூஸ்’ என்ற ஆங்கில வார்த்தை எப்படி வந்தது? ‘நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத்... நாலு திசையிலிருந்தும் வருவதால் நியூஸ்’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் அல்லவா? அழகான விளக்கம். சுத்தமான கப்ஸா! ‘நியூ’ என்றால் புதியது, அதன் பன்மை நியூஸ். புதிய விஷயங்கள், அவ்வளவுதான். எழுத்துகளைச் சேர்த்து வார்த்தை செய்கிற பழக்கம் பரவலானதே 20-ஆம் நூற்றாண்டில்தான். ‘நியூஸ்’ அதற்குப் பல நூறு வருஷம் மூத்தது.

‘அடிடாஸ்’ ஷூவுக்கு ‘நாள் பூரா விளையாட்டைப் பற்றியே கனவு காண்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு விரிவாக்கம் சொல்வார்கள். நிஜத்தில் அது 1949-ல் கம்பெனியை ஆரம்பித்த ஜெர்மன்காரர் அடி டாஸ்லரின் பெயர். எஸ்.எம்.எஸ். காலத்தில் ‘ஃபேமிலி’க்கு ஒரு விரிவாக்கம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ‘அப்பா, அம்மா, ஐ லவ் யூ’. கண்ணில் நீர் முட்ட எத்தனை பேருக்கு ஃபார்வர்டு செய்திருப்போம்!

வெள்ளைக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. ‘போஷ்’ என்றால் பணக்கார மிடுக்கு. இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது வெயில் படாத இடது பக்க அறை, இங்கிலாந்து திரும்பும்போது வலது பக்க அறை. இதைக் குறிக்கும் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பணக்காரர்களின் டிக்கெட்டில் அச்சடித்தார்களாம், அதுதான் போஷ் ஆனதாம். கதை பிரமாதம். ஆனால், அந்த எழுத்துகள் அச்சடித்த டிக்கெட் ஒன்றுகூட இதுவரை யார் கைக்கும் கிடைக்கவில்லை.

நம் ஊர் ‘ஓசி’க்கும் இதே மாதிரி ஒரு கம்பெனிக் கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் தபால்களில் ‘கம்பெனி வேலையாக’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், அதன் சுருக்கம் ‘ஓ.சி.’, அந்தத் தபாலுக்குக் காசு கிடையாது, அதனால் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் ஓசி! ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து பட்டிமன்றம் வரை கேட்டிருப்பீர்கள். நிரூபிக்கச் சொன்னால் கஷ்டம். ஆனால் கதையைக் கவனியுங்கள். ‘ஊருக்கெல்லாம் வரி போட்ட கம்பெனி, தன் கடுதாசிக்கு மட்டும் தம்பிடி கொடுக்கவில்லை’ என்ற குத்தல் அதற்குள் இருக்கிறது. வார்த்தையின் பிறப்பைப் பற்றி இந்தக் கதை சரியாகச் சொல்கிறதோ இல்லையோ, அதைச் சொன்ன ஜனங்கள் கம்பெனியைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதைச் சரியாகச் சொல்லிவிடுகிறது.

‘டுபாக்கூர்’ கதையும் அப்படித்தான். அந்தக் கால மதராஸில் ‘துபாஷ்’ என்றொரு வர்க்கம் இருந்தது. இரண்டு பாஷை தெரிந்தவர், அதாவது மொழிபெயர்ப்பாளர். வெள்ளைக்காரனுக்கு நம் பாஷை தெரியாது, நம் ஆளுக்கு அவன் பாஷை தெரியாது. நடுவில் நின்ற துபாஷ்கள் சிலர் பெரும் செல்வந்தர்கள் ஆனார்கள். கவர்னர் டூப்ளேவிடம் துபாஷாக இருந்த புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை, காலத்தால் அழியாத நாட்குறிப்பையே எழுதிவிட்டுப் போனார். துபாஷ் பச்சையப்ப முதலியார் சேர்த்த சொத்தில்தான் பச்சையப்பன் கல்லூரி நிற்கிறது. ஆனால் சாதாரண ஜனங்களுக்கு இந்த நடு ஆள் மேல் எப்போதும் ஒரு சந்தேகம். நாம் சொன்னதைத்தான் துரையிடம் சொல்கிறானா? இல்லை, நடுவில் ஏதாவது அமுக்குகிறானா? ‘துபாஷ்தான் டுபாக்கூர் ஆனான்’ என்கிற விளக்கம் அந்தச் சந்தேகத்தின் குழந்தை.

ஆக, இட்டுக்கட்டிய அர்த்தத்திலும் ஒரு சரித்திரம் ஒளிந்திருக்கிறது. இதில் இன்னும் பெரிய வேடிக்கை, அந்த வார்த்தைகளின் நிஜ சரித்திரம் இந்தக் கதைகளைவிட ருசியானது என்பது!

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரையில் ஒரு மணல் திட்டு கிடைத்தது. கோட்டை எழும்பியது. கோட்டையைச் சுற்றி நெசவாளர், படகோட்டி, சிப்பாய், சமையல்காரர், வண்டிக்காரர் என்று பிழைப்புத் தேடி ஜனங்கள் வந்தார்கள். தமிழ் பேசியவர்கள், தெலுங்கு பேசியவர்கள், சாந்தோமில் ஏற்கெனவே குடியிருந்த போர்ச்சுகீசியர்கள், வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர்கள்... 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் வாலாஜா சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு குடியேற, கூடவே உருது பேசும் பரிவாரம் ஒன்றும் வந்து சேர்ந்தது. இத்தனை பேரும் ஒரே சந்தையில் நின்று பேரம் பேசினால் என்ன பாஷை வரும்? மெட்ராஸ் பாஷை வரும்!

பேஜார், உருதுவின் ‘பேஜார்’தான். மனம் சலித்துப் போனவர் என்று அர்த்தம். காதல் தோல்வியில் உருதுக் கவிஞர்கள் உருகி உருகி எழுதிய சொல். இங்கே பஸ் வராவிட்டால் பேஜார்! கலீஜ் என்பது ‘கலீஸ்’, அசுத்தம். பேமானி என்பது ‘பே-ஈமானி’, நேர்மை இல்லாத தன்மை. குஜால் என்பது ‘குஷ்-ஹால்’, நல்ல நிலையில் இருப்பது. உஷார், நாஷ்டா, மஜா, ஜல்தி, தில் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள்தான். ‘டங்குவார் அந்து போச்சு’ என்கிறோமே... உருதுவில் ‘தங்’ என்றால் குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்குகிற பட்டை. கூட நம் தமிழ் ‘வார்’ சேர்ந்துகொண்டது. அது அறுந்தால் சவாரி செய்கிறவன் கதி என்ன? அதுதான் நம் கதியும்!

துட்டு, டச்சுக்காரர்களின் செப்புக் காசான ‘டுய்ட்’. நைனா, டப்பு இரண்டும் தெலுங்கு. ஜன்னல், சாவி, அலமாரி, மேஸ்திரி... இவை போர்ச்சுகீசியம். பிகில், ஆங்கிலப் பட்டாளத்தின் ‘பியூகிள்’ ஊதுகுழல். கீழ்க்கட்டளைக்காரர்கள் இதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் பரங்கிமலை - பல்லாவரம் கன்டோன்மென்டில் கம்பெனிப் பட்டாளமும் பிரிட்டிஷ் பட்டாளமும் எத்தனையோ வருஷம் பியூகிள் சத்தத்துக்கு எழுந்து, பியூகிள் சத்தத்துக்குப் படுத்திருக்கின்றன.

‘மொக்கை’யோ சுத்தமான தமிழ். மழுங்கிய கத்தியை ‘மொக்கைக் கத்தி’ என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். முனை மழுங்கிப்போன ஜோக்கை மொக்கை என்று சொன்ன பையன் தமிழைக் கெடுக்கவில்லை. பழைய சொல்லுக்குச் சாணை பிடித்திருக்கிறான்.

உச்சக்கட்டம், ‘கஸ்மாலம்’. யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் அடிக்க வருவார்கள். ஆனால் பகவத் கீதையை எடுத்து 2-ஆம் அத்தியாயம், 2-ஆம் சுலோகத்தைப் பாருங்கள். வில்லைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனிடம், ‘இந்த நேரத்தில் உனக்கு எங்கிருந்து வந்தது இந்த மனக் கலக்கம்?’ என்று கண்ணன் கேட்கிறார். அந்தக் கலக்கத்துக்கு அவர் சொல்கிற சமஸ்கிருத வார்த்தை... ‘கஸ்மலம்’! அழுக்கு என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. குருக்ஷேத்திரத்தில் ஒலித்த சொல் கூவம் கரையில் வசவாகிவிட்டது.

இப்போது அநியாயத்துக்கு வருவோம்.

நம் ஊர் வார்த்தைகளை வெள்ளைக்காரனும் சிதைத்தான். மிளகுத்தண்ணீரை ‘முல்லிகடானி’ ஆக்கினான். கட்டுமரத்தை ‘கேட்டமரான்’ ஆக்கினான். சுருட்டை ‘ஷெரூட்’ ஆக்கினான். மொஹரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுகிற குரல், பிரிட்டிஷ் சிப்பாய்களின் வாயில் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ ஆகிவிட்டது. இதற்காக யாராவது அவனைக் கேலி செய்தார்களா? செய்யவில்லை. அவனே இந்த வார்த்தைகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து 1886-ல் தலையணை கனத்துக்கு ஓர் அகராதி போட்டான். அதற்கு வைத்த பெயரே ‘ஹாப்சன்-ஜாப்சன்’. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஏ.சி. பர்னெல். இதில் பர்னெல் நம் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். சரஸ்வதி மஹாலின் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்த பெரிய அறிஞர். அகராதி அச்சாகி வருவதற்கு முன்பே, 1882-ல் இறந்துவிட்டார். இன்றைக்கும் உலகம் அந்தப் புத்தகத்தைக் கொண்டாடுகிறது.

துரை சிதைத்தால் அகராதி. ரிக்‌ஷாக்காரர் சிதைத்தால்? காமெடி!

இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சிதைத்த ஒரு வேடிக்கையும் மெட்ராஸில் நடந்திருக்கிறது. இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டுகிற இடத்தில் ஒரு பாலம். ‘ஹாமில்டன் பிரிட்ஜ்’ என்று பெயர். ‘ஹாமில்டன்’ நம் ஜனங்கள் வாயில் நுழையாமல் ‘அம்பட்டன் வாராவதி’ ஆயிற்றாம். அதைக் கேட்ட வெள்ளைக்காரர்கள், ஹாமில்டன் தங்கள் ஆள் என்பதையே மறந்துவிட்டு, முடிதிருத்துபவர் பாலம் என்று அர்த்தம் பண்ணி ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று எழுத ஆரம்பித்தார்களாம். சென்னையின் சரித்திரம் எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்கிற கதை இது. பிற்பாடு அந்தப் பாலத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்டினார்கள். ஒரு துரையின் பெயர் சாதிப் பெயராகத் திரிந்து, கடைசியில் சாதியை எதிர்த்து வாழ்ந்தவரின் பெயரில் போய் நின்றிருக்கிறது.

சினிமாவுக்கு வாருங்கள். 1958-ல் ‘சபாஷ் மீனா’வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக வந்து மெட்ராஸ் பாஷை பேசினார். தியேட்டர் குலுங்கியது. 1968-ல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் மனோரமா அந்த பாஷையில் ஒரு பாட்டே பாடினார். லூஸ் மோகன் காலமெல்லாம் அதைப் பேசிச் சிரிக்கவைத்தார். மகா கலைஞர்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த பாஷை பெரும்பாலும் காமெடியன் வாயில்தான் வந்தது. காதலிக்கிற, அழுகிற, நியாயம் கேட்கிற ஹீரோவுக்குப் புத்தகத் தமிழ். மெட்ராஸ் பாஷை பேசுகிறவனுக்கும் மனசு உண்டு, துக்கம் உண்டு என்பதை எழுத்தில் அழுத்தமாகச் சொன்னவர் ஜெயகாந்தன். அவருடைய ‘உன்னைப் போல் ஒருவன்’ 1965-ல் படமாகவும் வந்தது. அந்தக் குரல் சர்வ சாதாரணமாகத் திரையில் ஹீரோவுக்குக் கிடைக்க ‘மெட்ராஸ்’ (2014), ‘காக்கா முட்டை’ (2015), ‘வட சென்னை’ (2018) என்று அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

சரி, தலைப்பில் உள்ள ‘கரீட்டு’ எங்கே என்கிறீர்களா? அதற்கு ஒரு நிமிடம் அமெரிக்கா போய் வர வேண்டும்.

1830-களின் கடைசி. பாஸ்டன் நகரத்தில் பத்திரிகைக்காரர்களுக்கும் படித்த இளவட்டங்களுக்கும் ஒரு புதுப் பைத்தியம். வார்த்தைகளை வேண்டுமென்றே தப்புத் தப்பாக எழுதி, அந்தத் தப்பின் முதல் எழுத்துகளை மட்டும் சுருக்கமாகச் சொல்வது. ‘நோ யூஸ்’ என்பதை ‘க்நோ யூஸ்’ என்று தப்பாக எழுதி ‘கே.ஒய்.’ என்பார்கள். ‘ஆல் ரைட்’ என்பதைக் கோணலாக எழுதி ‘ஓ.டபிள்யூ.’ என்பார்கள். நம் கீழ்க்கட்டளைக் கூட்டம் மாதிரியே ஒரு கூட்டம், இடம் மட்டும் பாஸ்டன்!

1839 மார்ச் 23. மெட்ராஸ் பிறந்து சரியாக 200-வது வருஷம். ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ என்ற பத்திரிகையில் ‘ஆல் கரெக்ட்’ என்பதற்குப் பதிலாக ஒரு சுருக்கம் வந்தது. ‘ஆல்’ என்பதை ‘ஓ’வில் ஆரம்பித்து, ‘கரெக்ட்’டைக் ‘கே’யில் ஆரம்பித்து... ஓ.கே.!

ஆமாம், சாட்சாத் அதே ஓ.கே.தான். மற்ற கிண்டல் சுருக்கங்கள் எல்லாம் சில வருஷங்களில் செத்துப்போயின. இது மட்டும் பிழைத்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். வேட்பாளர் மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹூக். ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ என்று அவருக்குச் செல்லப் பெயர். அவருடைய ஆதரவாளர்கள் ‘ஓ.கே. கிளப்’ ஆரம்பித்து ஊரெல்லாம் கத்தினார்கள். அவர் தோற்றுப்போனார், ஓ.கே. ஜெயித்தது!

அதற்குப் பிறகு ஓ.கே.வுக்கும் அர்த்தம் கட்ட ஆரம்பித்தார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளான சோக்டாக்களின் சொல் என்றார்கள், கிரேக்கம் என்றார்கள், ஒபதையா கெல்லி என்ற ரயில்வே குமாஸ்தாவின் கையெழுத்து என்றார்கள். கடைசியில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய பத்திரிகைக் குவியல்களைக் கிளறி, 1963-64-ல் உண்மையை நிரூபித்தார். உலகத்தில் மிக அதிகமாகப் பேசப்படும் சொற்களில் ஒன்று, இளவட்டங்களின் ஒரு மொக்கை ஜோக்!

இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘கரெக்ட்’ என்ற அதே ஆங்கில வார்த்தை. பாஸ்டனில் படித்தவர்கள் வேடிக்கைக்காக அதை உடைத்தார்கள். அது ‘ஓ.கே.’ ஆகி எல்லா நாடுகளின் ஆபீஸ்களிலும் ராஜநடை போடுகிறது. மெட்ராஸில் உழைக்கிற ஜனங்கள், ஸ்கூல் வாசலைப் பார்க்காதவர்கள், துரையின் வாயிலிருந்து காதில் விழுந்த வார்த்தையைத் தங்கள் நாக்குக்குத் தகுந்த மாதிரி வளைத்து ‘கரீட்டு’ என்றார்கள். அதை இன்றைக்கும் கேலிப் பொருளாகத்தான் வைத்திருக்கிறோம். இன்டர்வியூவில் ஒரு பையன் ‘ஓ.கே. சார்’ என்று சொன்னால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். ‘கரீட்டு சார்’ என்று சொல்லிப் பார்க்கட்டும்! அடுத்த கேள்வியே வராது.

இது வெறும் வார்த்தை விவகாரம் என்று தோன்றலாம். ஆனால் வேலை என்று வரும்போது வினை ஆகிவிடுகிறது. வசதியான வீட்டுப் பையன் ‘செம பேஜார் மச்சி’ என்றால் அது ஸ்டைல், ஜாலி. அதே வார்த்தையை ஆட்டோ ஓட்டுநரின் மகன் சொன்னால், ‘எந்த ஏரியா தம்பி நீ?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அதனால்தான் அவன் வீட்டில் ஒரு பாஷை, வெளியில் ஒரு பாஷை என்று நாக்கை இரண்டாகப் பிரித்துக்கொண்டு அலைகிறான். அம்மாவிடம் பேசுகிற பாஷையை ஆபீஸ் வாசலில் செருப்போடு கழற்றிவைக்கிறான்.

புறநகரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது கீழ்க்கட்டளையும் அதற்குள் வந்துவிட்டது. இந்தப் பக்கம் குடியேறியவர்களில் திருநெல்வேலிக்காரர் உண்டு, தஞ்சாவூர்க்காரர் உண்டு, ஆந்திராவிலிருந்து வந்தவர் உண்டு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களும் உண்டு. கோட்டையைச் சுற்றி அன்றைக்கு நடந்தது இன்றைக்கு ரேடியல் ரோட்டில் நடக்கிறது. ‘ஏலே’யும் ‘டா மச்சி’யும் ‘பையா’வும் ஒரே ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. நாளைக்கு என்ன வார்த்தை பிறக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பிறந்தால் அதற்குப் பையன்கள் ஓர் அர்த்தமும் கட்டுவார்கள். கட்டட்டும். இது நம் ரத்தத்திலேயே ஊறிய சங்கதி. ஒரே பாட்டில் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருள் வருகிற மாதிரி சிலேடை பாடிய காளமேகம் நம்முடைய ஆள்தானே! ‘வி.ஐ.பி.’ என்றால் உலகத்துக்கு மிக முக்கியமான நபர். தமிழ்நாட்டுப் பையன்களுக்கோ 2014-லிருந்து அது ‘வேலையில்லா பட்டதாரி’. இன்ஜினீயரிங் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் திண்டாடும் ஹீரோவைப் பற்றிய தனுஷ் படத்தின் பெயர். மூன்றே எழுத்தில், கையில் டிகிரியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனின் அவமானம் முழுவதும் இருக்கிறது. அதைத் தாண்டுகிற கெத்தும் இருக்கிறது. நூறு வருஷம் கழித்து 2010-களின் தமிழ்நாட்டைப் பற்றி எழுதுகிற சரித்திர ஆசிரியருக்கு, ஒரு புள்ளிவிவர அட்டவணையைவிட இந்த மூன்று எழுத்து அதிகம் சொல்லும்.

எனவே, அடுத்த முறை யாராவது ‘பேஜார்’ என்றோ ‘கலீஜ்’ என்றோ சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள். நவாபின் அரண்மனை, டச்சுக்காரனின் காசு, பட்டாளத்தின் ஊதுகுழல், குதிரையின் வயிற்றுப் பட்டை எல்லாவற்றையும் இத்தனை காலமாகச் சம்பளம் வாங்காமல் சுமந்து வந்தவர்களின் பாஷை அது. பாஸ்டன்காரனின் தப்புக்கு ஒரு நாளைக்கு நூறு தடவை ‘ஓ.கே.’ சொல்கிறோம். நம் மெட்ராஸ்காரனின் தப்புக்கு ஒரு தடவை, சிரிக்காமல், தலையாட்டக்கூடாதா?

கரீட்டுதானே?